பத்தாம் நம்பர் கம்பி

அந்தச் சூளையை எங்களுக்கு விற்ற அம்மாளைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். மாண்ட்ரியாலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்தாள். மண்பாண்டம் செய்கிறவள், முதுகுவலியால் தொழிலை விட்டுவிட்டாள் என்று நான் போய்க்கொண்டிருந்த மண்பாண்ட வகுப்பில் சொன்னார்கள். முதுகுவலி என்றால் குனிந்து உட்கார வேண்டிய சக்கரத்தை அல்லவா விற்க வேண்டும், இவள் ஏன் சக்கரத்தை வைத்துக்கொண்டு சூளையைத் தள்ளிவிடுகிறாள் என்று எனக்குப் பட்டது. எதையும் நேராக எடுத்துக்கொள்ளாத புத்தி எனக்கு. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான்.

இடுப்பு உயரத்துக்கு, எட்டுப் பட்டையாக, தகரம் போர்த்திய மின்சாரச் சூளை. மூடியைத் தூக்கினால் உள்ளே வெள்ளைச் செங்கல். செங்கல்லில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, அதில் சுருள்கம்பி ஓடவிட்டிருப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சுருள் பழுத்து, பாத்திரங்களைச் சுடும். இந்தச் சூளையில் பாதிச் சுருள் பள்ளத்தைவிட்டு வெளியே தொங்கியது. செங்கல் விளிம்பெல்லாம் உதிர்ந்திருந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "இல் எ ஃபதிகே" என்றாள். அவன் களைத்துப்போயிருக்கிறான் என்று அர்த்தம். சூளையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "நோ, நோ, ஹி இஸ் ஸ்ட்ராங்" என்றேன். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சூளை ஆண்பால் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நண்பர் ஒருவரின் வேனை இரவல் வாங்கி அதை ஏற்றி, பாலம் தாண்டி, கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டு பேஸ்மெண்டுக்கு இறக்கினோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ரசாயனத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி மாண்ட்ரியால் வந்தவள் நான். எனக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. பெண் பிறந்தாள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும், பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த மண்பாண்ட வகுப்பில் பொழுதுபோக்காகச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு அது பொழுதுபோக்காக இல்லை. மண்ணைச் சக்கரத்தில் வைத்து எழுப்புகிற அந்த நேரத்தில்தான் நான் யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்ற நினைப்பு இல்லாமல் இருந்தேன். வகுப்பில் இருந்தவர்கள் இலையுதிர்காலத்தில் ஒரு கண்காட்சி வைப்பார்கள். அதற்கு என் கிண்ணங்களையும் கேட்டிருந்தார்கள். வகுப்புச் சூளையில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. அதனால்தான் சொந்தச் சூளை.

என் கணவர் மின்சார எஞ்சினியர். வடக்கே எங்கோ இருக்கும் அணைகளிலிருந்து நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கோபுரங்களுக்குக் கணக்குப் போடுகிற வேலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

குறை சொல்வதற்கில்லை, ஆசையாகத்தான் செய்தார். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அந்தச் சூளையோடுதான் இருந்தோம். பழைய சுருள்களைத் தொட்டால் முறுக்கு மாதிரி ஒடிந்தன. உடைந்த செங்கற்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். புதுச் சுருள் இறுக்கமாகச் சுற்றி வரும், அதை இழுத்துத்தான் நீளமாக்க வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பிடித்தபடி அவர் பேஸ்மெண்டின் அந்தக் கோடிவரை நடந்தார். "விட்டுடாதே, விட்டுடாதே" என்று கத்திக்கொண்டே போனார். பெண் கைதட்டிச் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரப் பெட்டி பேஸ்மெண்டின் ஒரு மூலையில். சூளைக்கு இடம் எதிர்மூலையில். நடுவே புதுசாகத் தடித்த கம்பி இழுக்க வேண்டும். இவர் கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "பத்தாம் நம்பர் கம்பி போதும்" என்றார். ஹார்ட்வேர் கடையில் கடைக்காரர் இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டி, "டிஸ்?", பத்தா என்று பிரெஞ்சில் கேட்டார். இவரும் விரல்களை விரித்து, "டிஸ்" என்றார். இரண்டு பேரும் பரம திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்கள்.

கம்பியை இழுத்து முடித்ததும் அதன் மேலே பலகை அடித்தார். அந்தக் காலத்தில் பேஸ்மெண்ட் சுவருக்கு மரப்பலகை அடிக்காத இந்தியர் வீடு கிடையாது. எங்கள் வீட்டுப் பலகை நல்ல தேக்கு நிறம். இவரே அளந்து, அறுத்து, ஆணி அடித்தார். வருகிறவர்களை எல்லாம் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கீழே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுவார். சூளையைக் காட்டமாட்டார். இதை நான் அப்போதே கவனித்துக்கொண்டேன்.

மண்பாண்டத்தை இரண்டு முறை சுட வேண்டும். முதல் முறைக்குச் சூடு குறைவாகப் போதும். அது பழுதில்லாமல் வந்தது. இரண்டாம் முறை, மேலே கிளேஸ் பூசிச் சுடுவது. கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கிற அந்தப் பூச்சுக்கு மிகக் கடுமையான சூடு வேண்டும். அந்தச் சூடு வந்துவிட்டதா என்று பார்க்க, சிறுவிரல் அளவில் ஒரு மண்கூம்பை உள்ளே வைப்போம். பதம் வந்தால் கூம்பு தலைகுனியும், சூளையின் பக்கத்து ஓட்டை வழியாகத் தெரியும். காலையில் ஆரம்பித்தால் சாயந்திரத்துக்குள் குனிந்துவிட வேண்டும்.

எங்கள் கூம்பு குனியவில்லை. இருட்டியும் விறைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் நிறுத்திவிட்டு, மறுநாள் ஆறினதும் திறந்தேன். கிண்ணங்கள் உப்புக்காகிதம் மாதிரி சொரசொரவென்று, உயிரில்லாமல் இருந்தன. தண்ணீர் ஊற்றினால் அடியில் கசிந்தது.

"அந்தம்மா ஓட்டைச் சூளையைத் தலையில கட்டிட்டா" என்றேன்.

"சூளை நல்லாத்தான் இருக்கு. எல்லாம் புதுசு போட்டாச்சே" என்றார் இவர். பிறகு கிண்ணம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் கிளேஸ்லதான் ஏதோ கோளாறு. மண்ணும் சரியில்லையோ என்னவோ" என்றார்.

ரசாயனம் படித்தவள் நான். கிராம் பிசகாமல் நிறுத்துக் கலந்த கிளேஸ். ஆனாலும் அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. திரும்பக் கலந்தேன். மண் விற்கிற கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன், வேறு கடையில் மண் வாங்கினேன். மறுபடி சுட்டேன். மறுபடி அதே உப்புக்காகிதம். அந்த வருஷக் கண்காட்சிக்கு என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். எல்லாருக்கும் எல்லாம் கைவராதும்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

கைவராது என்ற அந்த வார்த்தை போதாதென்று, தீபாவளிக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தோம். டாக்டரின் மனைவி எல்லார் முன்னாலும், "ஏன் மாமி, சட்டிபானை பண்ணவா எம்.எஸ்சி. படிச்சீங்க? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், மாமியாம். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் கணவரின் சிரிப்பும் இருந்தது. மெதுவான, பட்டும்படாத சிரிப்பு. காரில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இவருக்கும் உள்ளூர அதே எண்ணம்தானா?

ஒரு முறை அப்படி நினைத்துவிட்டால் போதும், பிறகு எல்லாமே அதற்குத் தோதாகத் தெரியும். சூளை போட்ட நாளில் சாப்பாட்டுக்கும் காபிக்கும் தவிர இவர் பேஸ்மெண்டைவிட்டு மேலே வருவதே இல்லை. அங்கே இருந்த பழைய சோபாவில் உட்கார்ந்து டிவியில் ஐஸ் ஹாக்கி பார்ப்பார். "நீ போய் வேலையைப் பாரு, சூளையை நான் பாத்துக்கறேன்" என்பார். முதலில் அதைக் கரிசனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இவருக்கு ஹாக்கி பிடிக்காது. எந்த அணி எந்தச் சட்டை என்றுகூடத் தெரியாது. கிரிக்கெட் ஸ்கோர் ஊரிலிருந்து பழைய பேப்பரில் வந்தால் அதை வாரக்கணக்கில் படிக்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாக்கி பார்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

"நடுவுல சுவிட்சைத் தொட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் எதுக்குத் தொடறேன்? நீ வெச்சது வெச்சபடிதான் இருக்கு."

நான் கீழே இறங்கிப் பார்க்கும்போதெல்லாம் அது வைத்தபடிதான் இருந்தது. சூளையின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு திருகு. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை. எப்போது பார்த்தாலும் அதிகத்திலேயே நின்றது. எங்கள் மாடிப்படியோ ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போடும். நான் இறங்கி வருவது ஊருக்கே கேட்கும்.

நேரில் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அதற்குள் அடுத்த வருஷ ஆயுத பூஜையும் வந்தது. வீட்டில் இருக்கிற இயந்திரங்களுக்கெல்லாம் வழக்கம்போல் குங்குமம் வைத்தேன். தையல் மிஷின், காரின் ஸ்டியரிங், இவருடைய ஸ்லைடு ரூல், சலவை இயந்திரம், சூளை. சூளைக்கு முன்னால் நெற்றியில் வைப்பதுபோல ஒன்று. திருகின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நல்லெண்ணெயில் குழைத்துக் கொஞ்சம் தாராளமாக இன்னொன்று. முன்னால் உள்ளதைப் பார்த்துவிட்டு இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பண்டிகைக் குங்குமத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அடுத்த ஞாயிறு சூளை போட்டேன். திருகைக் குச்சியால் தள்ளி அதிகத்தில் வைத்துவிட்டு மேலே வந்து சமைத்தேன். சாம்பார் கொதித்ததே தவிர என் மனசு சமையலில் இல்லை. பிற்பகலில் இவர் காபி குடிக்க மேலே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, வழக்கம்போல மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். மூக்கின் மேலே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு காபியை வைத்தேன். "ஸ்வீட் ஏதாவது பண்ணியிருக்கியா?" என்று கேட்டார், மூக்கில் குங்குமத்தோடு. இந்த மனுஷர் என்னை இத்தனை நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். என் கிண்ணங்களைத் தன் கையாலேயே வேகவிடாமல் செய்துவிட்டு, உனக்குக் கைவரவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். டாக்டர் மனைவி வாயால் கேட்டதை இவர் கையால் செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

காபி முடிந்து இவர் கீழே போனதும், பெண்ணைத் தூங்கவைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே போய் பின்பக்கம் சுற்றினேன். அங்கே பேஸ்மெண்ட் ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். ஈரப் புல்லில் மண்டியிட்டு, கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே, "போன்ஷூர், மதாம்" என்றாள். நானும் மண்டியிட்டபடியே போன்ஷூர் சொன்னேன்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தான் அடித்த பலகையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டடி நகர்ந்து இன்னோர் இடத்தில் வைத்தார். குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் புறங்கையைத் திருப்பி வைத்தார். பிறகு அவசரமாகச் சூளையிடம் போய்த் திருகைக் குறைத்தார். மறுபடி வந்து சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் என்னை ஏமாற்றுகிற களை எதுவும் இல்லை. அது பயந்துபோன ஒருவரின் முகம்.

நான் படியில் இறங்கியபோது ஒரு படிகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அல்லது அவருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ. நேராகப் போய் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். பலகை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

"என்னங்க இது?"

கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்ன இருக்கு உள்ள?"

"கம்பிதான்" என்றார். பலகையைப் பார்த்துக்கொண்டே, "ஒல்லியான கம்பி" என்றார்.

"பத்தாம் நம்பர்னீங்களே?"

"பத்தாம் நம்பர்தான். நம்ம ஊர்ல படிச்ச பத்து இங்கிலீஷ்காரன் பத்து. தடியா இருக்கும். இவங்க பத்து வேற. அமெரிக்கன் பத்து. அதே நம்பர், கம்பி சின்னது. எனக்கு அது ஞாபகமே வரலை. முதல்தடவை சூளை போட்டப்போ சுவர் சுட்டுது. அப்பத்தான் தெரிஞ்சுது."

காலேஜில் மனப்பாடம் செய்த அட்டவணை. கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டாரே, அந்த அட்டவணைதான் அவருக்குள்ளே தெரிந்திருக்கிறது. கடைக்காரரும் பத்து என்றார், இவரும் பத்து என்றார், இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஊர் ஊராகக் கோபுரம் நட்டு மின்சாரம் கொண்டுவருகிறவர், சொந்த வீட்டில் நாற்பதடி கம்பியில் கோட்டை விட்டுவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? எஞ்சினியர்னு சொல்லிக்கிட்டு... பலகையெல்லாம் அடிச்சாச்சு. வர்றவங்க எல்லாருக்கும் காட்டியாச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "சூட்டைக் குறைச்சுக் குறைச்சு வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நாள்பூரா இங்கேயே உக்காந்திருந்தேன்."

சூளையை அணைத்தேன். அவருடைய கருவிப்பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து, அதன் பின்பக்கக் கொக்கியைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். "இரு, இரு, நான் பக்குவமா எடுக்கறேன்" என்றார். நான் இருக்கவில்லை. முதல் பலகை நடுவில் பிளந்துகொண்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. உள்ளே கம்பியின் உறை பழுப்பேறி, இளகி, சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது பட்டுக்கொண்டிருந்த மரத்தில் கருகின தடம் விரல் நீளத்துக்கு ஓடியது. நேர் மேலே, மாடியில், எங்கள் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கடைசிப் பலகையையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தினேன். ஆனால் நான் கத்தினது அதற்காக இல்லை.

"வீட்டைக் கொளுத்தப் பாத்தீங்க, அதைக்கூட விட்டுடறேன். எனக்குக் கைவராதுன்னு சொன்னீங்களே, அதை எப்படிங்க சொன்னீங்க? உங்க தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிச் சொன்னீங்க?"

இவர் சோபாவில் உட்கார்ந்தார். டிவியில் யாரோ கோல் போட்டார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. எழுந்து போய் அதை அணைத்தார்.

அடுத்த வாரம் தடித்த கம்பி வாங்கி வந்தார். நம்பரைச் சொல்லாமல், கடைக்காரரிடம் குறுக்களவைக் காட்டச் சொல்லி அளந்து பார்த்து வாங்கினாராம். ஓர் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே கூப்பிட்டார். கம்பி சுவருக்கு வெளியே, இரும்புக் குழாய்க்குள், எல்லாருக்கும் தெரியும்படி ஓடியது. திரும்பப் பலகை அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் விருந்தாளி வந்தால் இவர் யாரையும் பேஸ்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

அந்த வருஷக் கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்தன. புதுக் கம்பியில் சூளை போட்டோம். நான் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இவர் பக்கத்தில் வரவில்லை. சாயந்திரம் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போதே கூம்பு தலைகுனிந்துவிட்டது.

மறுநாள் சேர்ந்துதான் திறந்தோம். தேன் நிறத்தில், விளிம்பில் பச்சை வழிந்து, கிண்ணங்கள் ஒன்றைவிட ஒன்று பளபளத்தன. நான் கலந்த கிளேஸ், நான் பிசைந்த மண். முன்பு பூசியதற்கும் இதற்கும் ஒரு கிராம்கூட வித்தியாசம் கிடையாது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. கண்காட்சிக்கு எதை எதை எடுத்துப் போவது என்று மனசுக்குள் ஒதுக்க ஆரம்பித்துவிட்டேன்.

இவர் ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதமா வந்திருக்கும்மா. உன் கை ரொம்ப நல்ல கை" என்றார்.

இந்த வார்த்தைக்குத்தான் நான் அத்தனை நாள் ஏங்கியிருந்தேன். ஆனால் அது வந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. உன் கிளேஸ்லதான் கோளாறு என்று சொன்னபோது இருந்த அதே முகம், அதே தணிந்த குரல், அதே அக்கறை. நான் தேடித்தேடிப் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறே? நிஜமாத்தான் சொல்றேன்" என்றார்.

"அப்பவும் நிஜமாத்தான் சொன்னீங்க" என்றேன்.